சாட்சிக் கூண்டில் பழைய படங்கள்

(திரைப்பட ரசனை வகுப்பு ஒன்றில் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)



2016 மார்ச் கடைசியில் பேட்மேனும் சூப்பர்மேனும் அடித்துக்கொண்டார்கள். ஆறே வாரத்தில், மே மாதம், கேப்டன் அமெரிக்காவும் அயன் மேனும் அடித்துக்கொண்டார்கள். ஒன்று டிசி படம், இன்னொன்று மார்வெல் படம். இரண்டு சண்டைக்கும் மூலம் ஒன்றுதான்: முந்தைய படங்களில் இடிந்து விழுந்த கட்டடங்கள். 2013-இல் வந்த ‘மேன் ஆஃப் ஸ்டீல்’ படத்தில் மெட்ரோபொலிஸ் நகரம் தரைமட்டமானது. 2015-இல் வந்த ‘ஏஜ் ஆஃப் அல்ட்ரான்’ படத்தில் சொக்கோவியா என்ற ஊரே வானத்துக்குத் தூக்கப்பட்டுச் சிதறியது. அப்போது கைதட்டிய நாம் வீட்டுக்குப் போய்விட்டோம். அந்தக் கட்டடங்களுக்குள் இருந்தவர்கள் என்ன ஆனார்கள் என்ற கேள்வி அடுத்த படத்தில்தான் வந்தது.

டிசி படத்தில் அந்தக் கேள்வி ரொம்ப நேரம் தாக்குப்பிடிக்கவில்லை. இரண்டு பேருடைய அம்மாவுக்கும் மார்த்தா என்று பெயர் என்பது தெரிந்ததும் பேட்மேன் ஈட்டியைக் கீழே இறக்கிவிட்டார். அந்தக் காட்சியைக் கேலி செய்கிறவர்களும் உண்டு, உயிரைக் கொடுத்து ஆதரிக்கிறவர்களும் உண்டு. நான் கேலிக்காரர்கள் கட்சி. அம்மா பெயரைச் சொன்னதும் தீர்ந்துபோகிற சண்டைக்கு இரண்டரை மணி நேரம் எதற்கு?

ஆகவே இன்றைக்கு மற்றப் படத்தைப் பற்றியே பேசுகிறேன். ரூஸோ சகோதரர்கள் இயக்கிய ‘கேப்டன் அமெரிக்கா: சிவில் வார்’. படம் வெளிவருவதற்கு முன்பே ரசிகர்கள் ‘டீம் கேப்’ என்றும் ‘டீம் அயன் மேன்’ என்றும் பிரிந்துவிட்டார்கள். அது விளம்பரக்காரர்கள் மூட்டிய தீ, சந்தேகமில்லை. ஆனால் விளம்பரத்தில் மூண்ட தீ படம் திரையரங்கை விட்டுப் போனதும் அணைந்துவிடும். இது அணையவில்லை. இத்தனை ஆண்டுகள் ஆகியும் கல்லூரி விடுதிகளில் இந்த வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. அது எப்படி நடக்கிறது என்பதில்தான் எனக்கு அக்கறை.

முதலில் வேரைச் சொல்லிவிடுகிறேன். 2006-இல் மார்வெல் காமிக்ஸ் ‘சிவில் வார்’ என்ற ஏழு இதழ்த் தொடரைத் தொடங்கியது. எழுதியவர் மார்க் மில்லர், வரைந்தவர் ஸ்டீவ் மெக்நிவன். கனெக்டிகட் மாநிலத்தில் ஸ்டாம்ஃபோர்ட் என்ற ஊர். தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றுக்காகக் குற்றவாளிகளைத் துரத்திப் போகிறது இளம் நாயகர் கூட்டம் ஒன்று. துரத்தப்பட்டவர்களில் நைட்ரோ என்பவன் தன்னையே வெடிக்கச் செய்கிறான். பள்ளிப் பிள்ளைகள் உட்பட அறுநூறு பேருக்கு மேல் சாகிறார்கள். சக்தி படைத்தவர்கள் எல்லோரும் தங்கள் உண்மைப் பெயரை அரசிடம் பதிவு செய்ய வேண்டும் என்று சட்டம் வருகிறது. செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிந்தைய அமெரிக்கா அது. பேட்ரியாட் சட்டத்தை வைத்து நாடே வாதாடிக்கொண்டிருந்த காலம். கதை எதைப் பேசுகிறது என்பது வாசகர்களுக்குச் சொல்லாமலே புரிந்தது.

ஆனால் காமிக்ஸில் தராசு சரியாக நிற்கவில்லை. சட்டத்தின் பக்கம் நின்ற டோனி ஸ்டார்க், அதாவது அயன் மேன், பதிவு செய்ய மறுத்தவர்களை வேறோர் உலகத்தில் கட்டிய சிறையில் அடைக்கிறார். அவர் தரப்பு உருவாக்கிய தோரின் நகல், கோலியாத் என்ற பழைய நாயகனைக் கொன்றுபோடுகிறது. அதற்கு மேல் வாசகன் எந்தப் பக்கம் சாய்வான்? முடிவு மட்டும் எனக்குப் பிடிக்கும். கேப்டன் ஜெயிக்கப் போகிற நேரத்தில் தீயணைப்புக்காரர்களும் மருத்துவ உதவியாளர்களும் சேர்ந்து அவர்மேல் விழுந்து பிடிக்கிறார்கள். சுற்றிலும் இடிந்து கிடக்கும் ஊரைப் பார்த்துவிட்டு அவர் சரணடைகிறார். இந்த முடிவு படத்தில் இல்லை. அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

படத்தில் சட்டம் வேறு வடிவம் எடுக்கிறது. நைஜீரியாவின் லாகோஸ் நகரத்தில் உயிரியல் ஆயுதம் ஒன்றைத் திருட வந்த கூட்டத்தை நாயகர் குழுவான அவெஞ்சர்ஸ் தடுக்கிறார்கள். அந்தக் கூட்டத்தின் தலைவன் உடம்பில் கட்டிய குண்டை வெடிக்க வைக்கிறான். அவெஞ்சர்ஸில் ஒருத்தியான வாண்டா அந்த வெடிப்பைத் தன் சக்தியால் பிடித்து மேலே தூக்குகிறாள். அது பக்கத்துக் கட்டடத்தில் போய் வெடிக்கிறது. பிறகு சொக்கோவியா உடன்படிக்கை வருகிறது. 117 நாடுகள் ஒப்புக்கொண்ட ஆவணம். இனிமேல் அவெஞ்சர்ஸ் தம் விருப்பப்படி எங்கும் போகக்கூடாது, ஐ.நா. குழு ஒன்று அனுப்பினால் போகலாம், அனுப்பாவிட்டால் சும்மா இருக்க வேண்டும். டோனி கையெழுத்துப் போடுகிறார். ஸ்டீவ் ரோஜர்ஸ், அதாவது நம் கேப்டன், மறுக்கிறார்.

இதைக் கொள்கைச் சண்டையாகப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். அதிகாரத்துக்கு மேற்பார்வை வேண்டும் என்பார் ஒருவர். மேற்பார்வை செய்கிறவர் அயோக்கியராக இருந்தால் என்ன செய்வது என்பார் இன்னொருவர். இரண்டும் சரி. எல்லோரும் எழுந்து காபி குடிக்கப் போகலாம்.

ரசிகர்கள் அப்படிப் பேசுவதில்லை. அவர்கள் வக்கீல்கள் மாதிரி முன்தீர்ப்புகளைக் கொண்டுவந்து போடுகிறார்கள். 2008 முதல் வந்த ஒவ்வொரு மார்வெல் படமும் அவர்களுக்கு ஒரு வழக்குப் பதிவேடு.

‘டீம் கேப்’ முதலில் கூண்டில் ஏற்றும் சாட்சி 2012-இன் ‘தி அவெஞ்சர்ஸ்’. நியூயார்க்கில் வேற்றுக்கிரகப் படை இறங்கியபோது மேற்பார்வைக் குழு ஒன்று இருக்கத்தான் செய்தது: உலகப் பாதுகாப்பு கவுன்சில். அந்தக் குழு என்ன முடிவெடுத்தது? மன்ஹாட்டன்மீதே அணு ஏவுகணையை வீசச் சொன்னது. அந்த ஏவுகணையை முதுகில் சுமந்துபோய் நகரத்தைக் காப்பாற்றியவர் யார்? இதே டோனி ஸ்டார்க். அடுத்த சாட்சி 2014-இன் ‘விண்டர் சோல்ஜர்’. கேப்டன் நம்பி வேலை பார்த்த ஷீல்ட் அமைப்புக்குள் ஹைட்ரா என்ற பழைய நாஜிக் கிளை எழுபது ஆண்டுகளாகக் குடியிருந்தது. அந்த மனிதரிடம் போய் இன்னொரு குழுவை நம்பு என்று எப்படிச் சொல்வது? உடன்படிக்கையைக் கொண்டுவந்து மேசைமேல் வைப்பவர் யார் என்றும் கேட்பார்கள். அமைச்சர் தாடியஸ் ராஸ். 2008-இன் ‘தி இன்க்ரெடிபிள் ஹல்க்’ படத்தில் ஹல்க்கைப் பிடிக்கிறேன் என்று பெரும் சேதத்துக்குக் காரணமானவர். அவருக்கு யார் மேற்பார்வை?

‘டீம் அயன் மேன்’ பதிலுக்கு எழுந்து நிற்கும். அவெஞ்சர்ஸில் ஒருவரான விஷன் சொன்ன கணக்கைக் கேளுங்கள் என்பார்கள். டோனி தன்னை அயன் மேன் என்று அறிவித்த பிறகு எட்டு ஆண்டுகளில் சக்தி படைத்தவர்களும் பெருகினார்கள், உலகத்தை அழிக்கும் ஆபத்துகளும் அதே வேகத்தில் பெருகின; பலம் இருக்கிற இடத்தைத் தேடிச் சவால் வருகிறது. வாண்டாவுக்குப் பழைய குற்றப் பதிவு இல்லையா என்றும் கேட்பார்கள். வில்லன் அல்ட்ரானோடு சேர்ந்து அவெஞ்சர்ஸின் மூளைக்குள் புகுந்தவள் அவள். அவள் கைங்கரியத்தால் ஹல்க் வெறி பிடித்து ஜோகன்னஸ்பர்க்கைத் துவம்சம் செய்தது. இதற்கு டீம் கேப்பின் மறுகேள்வி: வாண்டா ஏன் அப்படி ஆனாள்? சிறுமியாக இருந்தபோது அவள் பெற்றோரைக் கொன்ற குண்டில் ஸ்டார்க் என்ற பெயர் இருந்தது. வெடிக்காத இன்னொரு குண்டைப் பார்த்தபடி இரண்டு நாள் இடிபாட்டுக்குள் கிடந்தவள் அவள்.

எனக்கு மிகவும் பிடித்த சாட்சி 2010-இன் ‘அயன் மேன் 2’. செனட் குழு முன்னால் டோனி உட்கார்ந்திருக்கிறார். கவசத்தை அரசிடம் ஒப்படை என்கிறார்கள். முடியாது என்று சிரித்துக்கொண்டே எழுந்து போகிறார். அன்றைக்கு டோனி பேசியது அப்படியே இன்றைய கேப்டனின் பேச்சு. கேப்டனோ 1940-களில் ராணுவத்தில் சேர ஊர் ஊராகப் போய் மனுக்கொடுத்த சிப்பாய். கட்டளைக்குப் பிறந்தவன் மறுக்கிறான், கட்டளையைக் கேலி செய்தவன் கையெழுத்துப் போடுகிறான். இடையில் என்ன நடந்தது? அமைப்பு அழுகியிருப்பதை ஒருவர் பார்த்தார். தன் அறிவே கொலைக்கருவியாவதை மற்றவர் பார்த்தார். கொள்கை அவர்களைப் பிரிக்கவில்லை, பட்ட அடி பிரித்தது. இதைச் சொல்லிக் கொடுத்தது எந்த விமர்சகரும் இல்லை. ரசிகர்கள் தாங்களாகப் பழைய படங்களைப் புரட்டிக் கண்டுபிடித்தது. டோனியை விசாரித்த செனட்டர் ஸ்டெர்ன் ஹைட்ரா ஆள் என்பது 2014-இல் வெளியானபோது, டோனியின் 2010 மறுப்பே சரி என்று ஆகிவிட்டது. அதாவது டோனியின் பழைய சாட்சியம் புதிய டோனிக்கு எதிராகவே நிற்கிறது!

இந்த முறை நமக்கு அந்நியமில்லை. கும்பகர்ணன் உயர்ந்தவனா, வீடணன் உயர்ந்தவனா என்று நம் பட்டிமண்டபங்கள் தலைமுறை தலைமுறையாக வாதாடுகின்றன. செஞ்சோற்றுக் கடனா, அறமா என்று தலைப்பு இருக்கும். ஆனால் மேடையில் ஜெயிக்கிறவர் கடன், அறம் என்று பொதுவாகப் பேசுகிறவர் அல்ல. வீடணன் எந்த நேரத்தில் அண்ணனுக்கு என்ன சொன்னான், கும்பகர்ணன் என்ன சொல்லிவிட்டுப் போருக்குப் போனான் என்று இடம் சுட்டிப் பேசுகிறவர். அந்த நடுவர்கள் அயன் மேன் ரசிகர்களிடம் ஒரு மாலை உட்கார்ந்தால் பத்து நிமிடத்தில் ஒட்டிக்கொள்வார்கள்.

திரும்பவும் படத்துக்கு வருகிறேன். நான் பார்த்தவரை ரசிகர்களின் ஆகச் சிறந்த வாதம் இது: சொக்கோவியாவை அழித்தது அல்ட்ரான். அல்ட்ரானை உருவாக்கியது டோனி, ப்ரூஸ் பேனரை மட்டும் சேர்த்துக்கொண்டு, மற்றவர்களிடம் சொல்லாமல், தன் ஆய்வகத்தில். சரி, சொக்கோவியா பெயரில் வந்த உடன்படிக்கை ஆய்வகத்தைக் கட்டுப்படுத்துகிறதா? படம் நமக்குக் காட்டுகிற வரையில் அவெஞ்சர்ஸ் எங்கே போகலாம் என்பதைத்தான் அது கட்டுப்படுத்துகிறது. அந்தச் சட்டம் முன்பே இருந்திருந்தாலும் அல்ட்ரான் பிறந்திருப்பான். அவனைத் தடுக்கப் போனவர்கள்தான் அனுமதிக்குக் காத்திருப்பார்கள். டோனியின் குற்றவுணர்வுக்குக் கேப்டனின் கால் கட்டப்படுகிறது. இதைக் கேட்டபோது எனக்குச் சிலிர்த்தது. சட்டக் கல்லூரியில் இதைவிடச் சுருக்கமாக ஒருவர் சொல்லிவிட முடியாது.

அப்படியென்றால் நான் கேப்டன் கட்சியா? இல்லை. திருத்தங்களோடு கையெழுத்துப் போட்டிருப்பேன். கேப்டனும் கிட்டத்தட்ட அங்கே வந்துவிட்டார் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பெர்லினில் டோனி அவரிடம் பழைய பேனாக்களைக் காட்டுகிறார். இரண்டாம் உலகப் போரில் நேச நாடுகளுக்கு ஆயுத உதவி தர 1941-இல் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட பேனாக்கள். பாதுகாப்பு விதிகள் இருக்குமானால் யோசிக்கலாம் என்ற இடத்துக்கு ஸ்டீவ் வந்துவிடுகிறார். அப்போது டோனி வாய் தவறி, வாண்டாவை வெளியே விடாமல் வைத்திருப்பதைச் சொல்லிவிடுகிறார். அவளுக்கு அமெரிக்கக் குடியுரிமை இல்லை, அவளை ஆயுதமாகத்தான் பார்ப்பார்கள் என்று சமாதானம் சொல்கிறார். ஸ்டீவ் பேனாவை வைத்துவிடுகிறார். சட்டத்தின் வாசகம் அவரைத் தடுக்கவில்லை. கையெழுத்தின் மை காய்வதற்குள் ஒரு பெண்ணைப் பூட்டிவைத்த அவசரம்தான் தடுத்தது. கடைசியில் ராஃப்ட் என்ற கடல் நடுச் சிறையில் அதே பெண் கைகள் கட்டப்பட்டு, கழுத்தில் பட்டையோடு உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிறோம்.

டோனி இன்னொரு வேலையும் செய்கிறார். மேற்பார்வை வேண்டும் என்று சொல்லிக்கொண்டே, குவீன்ஸில் படிக்கிற பள்ளிக்கூடத்துப் பையன் ஒருவனை, அவன் அத்தையிடம் உதவித்தொகை என்று கதை கட்டி, ஜெர்மனியின் லைப்ஸிக் விமான நிலையச் சண்டைக்குக் கூட்டிப்போகிறார். ஸ்பைடர்மேன் வந்ததில் அரங்கம் அதிர்ந்தது. நானும் விசில் கேட்டு மகிழ்ந்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது, இந்தப் பிள்ளை எந்த உடன்படிக்கையில் கையெழுத்துப் போட்டான் என்று.

இவ்வளவு நல்ல வழக்கைக் கையில் வைத்துக்கொண்டு படம் என்ன செய்தது தெரியுமா? பாதியில் வழக்கையே மாற்றிவிட்டது. சைபீரியாவில் உச்சக்காட்சி. அங்கே டோனி வருவதே உடன்படிக்கையை மீறித்தான், ராஸுக்குத் தெரியாமல். இருவருமே இப்போது சட்டத்துக்கு வெளியே. கேப்டனிடம் மன்னிப்புக் கேட்கிற தொனியில்கூடப் பேசிவிட்டார். வழக்கு முடிந்தது என்று நினைக்கும்போது படத்தின் வில்லன் ஸீமோ ஒரு காணொளியைப் போட்டுக் காட்டுகிறான். 1991 டிசம்பர் 16. ஆளில்லாத சாலை. மூளைச்சலவை செய்யப்பட்ட பக்கி, கேப்டனின் பழைய நண்பன், டோனியின் அப்பாவையும் அம்மாவையும் கொல்கிறான். உனக்குத் தெரியுமா என்று டோனி கேட்க, ஸ்டீவ் முதலில் நழுவுகிறார், பிறகு ஒப்புக்கொள்கிறார். அதற்குப் பின் நடப்பது மேற்பார்வை பற்றிய சண்டையே அல்ல.

அடித்துக்கொள்ளும் மூன்று பேரின் வலியும் நிஜம். ராபர்ட் டௌனி ஜூனியரின் முகத்தை அந்த நேரத்தில் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். காட்சியாக அது அருமை. வழக்காகப் பார்த்தால் தப்பி ஓட்டம். 117 நாடுகளின் கேள்விக்குப் பதில் சொல்லாமல், நண்பனிடம் உண்மையை மறைத்தது சரியா என்ற கேள்விக்குள் படம் நழுவிவிட்டது. காமிக்ஸில் கேப்டனைத் தடுத்து நிறுத்தியவர்கள் ஊர்க்காரர்கள். படத்தில் ஊரே இல்லை; பனியும் இரும்பும் மூன்று பேரும்தான். அதனால்தான் படம் முடிந்தும் விவாதம் முடியவில்லை என்று நினைக்கிறேன். தீர்ப்பு எழுதாமல் நீதிபதி எழுந்து போய்விட்டார். ரசிகர்கள் கோப்பைத் தங்கள் வீட்டுக்கு எடுத்துப்போய்விட்டார்கள்.

இப்போது அந்த ரசிகர்களிடமே எனக்குள்ள குறை. முன்தீர்ப்புகளை வைத்து வாதாடும் முறைக்கு ஒரு பலவீனம் உண்டு. பழைய படங்களில் இடம் பெற்றவனுக்குத்தான் அதில் சாட்சி கிடைக்கும். டோனிக்கு அரை டஜன் படங்கள் இருக்கின்றன. ஸ்டீவுக்கும் அப்படியே. பக்கிக்காக மணிக்கணக்கில் அழ ஆள் இருக்கிறது. லாகோஸில் செத்தவர்களுக்கு எத்தனை படம்?

படத்தில் ஒரு செய்தி அறிக்கை ஓடும். லாகோஸில் இறந்தவர்களில் 11 பேர் வகாண்டா நாட்டவர் என்று அதில் சொல்வார்கள். கதையின் அடுத்த அடி வகாண்டாவை நோக்கி, ஆகவே வகாண்டாக்காரர்களுக்கு எண்ணிக்கை கிடைத்தது. வகாண்டா கற்பனை நாடு. நைஜீரியா நிஜ நாடு. லாகோஸ் கோடிக்கும் மேல் மக்கள் வாழும் நிஜ ஊர். அந்த ஊர்க்காரர்கள் எத்தனை பேர் செத்தார்கள் என்பதைப் படம் சொல்வதில்லை. தங்கள் ஊருக்குள் அவெஞ்சர்ஸ் வர நைஜீரிய அரசு அனுமதி கொடுத்ததா என்ற கேள்வியைப் படம் ஆழமாக எடுத்துக்கொள்வதில்லை. உடன்படிக்கையின் நியாயமே அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது! டீம் அயன் மேன் என்று கொடி பிடிப்பவர்கள்கூட அதை எடுத்துப் பேசி நான் அதிகம் கேட்டதில்லை. டோனி பாவம், டோனிக்கு அம்மா போனாள் என்பதுதான் அவர்கள் வாதத்தின் உச்சம்.

சார்லி ஸ்பென்சர் என்ற பெயர் எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? பட்டம் வாங்கி, வேலையும் கிடைத்து, சேர்வதற்கு முன் அந்தக் கோடையில் ஏழைகளுக்கு வீடு கட்டிக்கொடுக்கப் போன பையன். போன ஊர் சொக்கோவியா. அவன் அம்மா டோனியைத் தனியாகப் பிடித்து அவன் படத்தைக் கொடுக்கிறாள். டோனி அந்தப் படத்தைத் தன் குழுவின் முன் காட்டுகிறார். அதோடு சார்லியின் வேலை முடிந்தது. ஒரு தரப்பின் ஆதாரப் பொருளாக வந்துவிட்டுப் போய்விட்டான்.

செத்தவர்களுக்காகப் படம் முழுக்க வாதாடியது ஒரே ஒருவன்: ஸீமோ. சொக்கோவியாவின் கர்னல். அங்கே மனைவியையும் பிள்ளையையும் அப்பாவையும் இழந்தவன். எந்தச் சக்தியும் இல்லாதவன். மனைவியின் குரல் பதிவைத் தொலைபேசியில் திரும்பத் திரும்பக் கேட்கிறவன். தன்னால் இவர்களைக் கொல்ல முடியாது, இவர்களே இவர்களை அடித்துக்கொள்ள வைக்க முடியும் என்று கணக்குப் போட்டவன். அந்தக் கணக்குக்காக வியன்னாவில் குண்டு வைத்து அப்பாவிகளைக் கொன்றவனும் அவன்தான். அவனை நான் வெள்ளையடிக்கவில்லை. ஆனால் கதை செய்த தந்திரத்தைப் பாருங்கள். பாதிக்கப்பட்டவர்களின் குரலை வில்லனின் வாயில் வைத்துவிட்டால், அதைக் கேட்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. அதைக் காது கொடுத்துக் கேட்டவன், அந்த வியன்னா குண்டில் அப்பாவை இழந்த வகாண்டா இளவரசன் டிசாலா மட்டும். அப்பாவைக் கொன்றவன் கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருக்க, கொல்லாமல், அவன் தற்கொலை செய்துகொள்வதையும் தடுத்து, விசாரணைக்கு ஒப்படைக்கிறான். இரண்டு அணியும் சண்டை போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் அந்தப் படத்தில் சட்டம் என்ற ஒன்றை உண்மையில் நடத்திக்காட்டியவன் அவன் ஒருவனே. அவனுக்கு ஒரு டீம் யாரும் அமைக்கவில்லை.

வழக்கில் அதற்குப் பிறகும் சாட்சிகள் வந்துகொண்டேயிருக்கிறார்கள். 2018-இல் ராஸ் கைது செய்யச் சொல்ல, உடன்படிக்கையில் கையெழுத்திட்டு அதற்காகவே சண்டை போட்டுக் கால்கள் செயலிழந்த டோனியின் நண்பர் ரோட்ஸ் இணைப்பைத் துண்டித்துவிட்டுக் கேப்டனை வரவேற்கிறார்; டீம் கேப் கைதட்டியது. 2021-இல் வாண்டா தன் துக்கத்துக்காக ஓர் ஊரையே சிறைபிடிக்கிறாள். டீம் அயன் மேன் ‘சொன்னோமே’ என்றது. 2025-இல் அந்த ராஸே அமெரிக்க அதிபராகி, சிவப்பு ஹல்க்காக மாறி வெள்ளை மாளிகையை உடைக்கிறார். மறுபடி டீம் கேப். உடன்படிக்கை என்ன ஆனது என்று கேட்கிறீர்களா? 2022-இல் ‘ஷீ-ஹல்க்’ என்ற நகைச்சுவைத் தொடரில் வழக்கறிஞர் மேட் மர்டாக் நீதிமன்றத்தில் நின்று, அது ரத்தாகிவிட்டது என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போகிறார். யார் ரத்து செய்தார்கள், எந்த வாதத்தின் பேரில், லாகோஸில் யாரையாவது கேட்டார்களா, தெரியாது.

ஸீமோவும் திரும்பி வந்தான், 2021-இன் ‘தி ஃபால்கன் அண்ட் தி விண்டர் சோல்ஜர்’ தொடரில். கேளிக்கை விடுதி ஒன்றில் சில நொடிகள் கையை ஆட்டி ஆடுவான். ரசிகர்களுக்கு அது அவ்வளவு பிடித்துப்போனதால், அந்த ஆட்டத்தையே ஒரு மணி நேரம் ஓடும்படி நீட்டி மார்வெல் வெளியிட்டது. அதையும் பார்த்தேன், ஐந்து நிமிடம். நன்றாகத்தான் ஆடுகிறான்.

இனி உங்கள் கேள்விகளுக்கு வரலாம். கேப்டன் கட்சிக்காரர்கள் இடப்பக்கம் அதிகம் தெரிகிறீர்கள். முதல் கேள்வி வலப்பக்கத்திலிருந்து வரட்டும்.